ரூபெல்லா தடுப்பூசியும் நம் மனச்சான்றும்



2017 பிப்ரவரியில் தமிழகமெங்கும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டபோது, வாட்ஸ்அப் வதந்தியைக் கேட்டுப் பெற்றோர் பலர் தயங்கினர். வதந்தியை விடுவோம். வத்தலக்குண்டில் வாழும் கத்தோலிக்கரான நமக்கு வேறொரு கேள்வி உண்டு, அது நியாயமானதே. ரூபெல்லா ஊசிக்கான கிருமி, 1960களில் கருக்கலைப்புக்குள்ளான சிசுவின் திசுவிலிருந்து வழிவந்த செல்களில் வளர்க்கப்படுகிறது. இதை நாம் ஏற்கலாமா?

மாற்று ஊசி கேட்டுக் குரல் கொடுங்கள், அது கிடைக்காதவரை பிள்ளைகளுக்கு இதைப் போடலாம் என்றது 2005இல் பாப்பிறை வாழ்வுக் கழகம். ரூபெல்லா பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் லேசான காய்ச்சலும் தடிப்புமாகப் போய்விடும். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் தாய்க்குத் தொற்றினாலோ கரு கலையலாம். குழந்தையின் கண், காது, இதயம் பழுதாகலாம். நம் பிள்ளைக்குப் போடும் ஊசி, அடுத்த வீட்டுத் தாயின் வயிற்றிலுள்ள சிசுவையும் காக்கிறது.

9 மாதம் முடிந்ததும் முதல் ஊசி, 16 முதல் 24 மாதத்திற்குள் அடுத்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம்.