நேர்த்திக்கடன் நிறைவேற வேண்டும். குடும்பம் நலமுடன் வீடு திரும்ப வேண்டும்

மலேசியத் திருநாட்டில் வாழும் முருகன் அடியார்களின் உள்ளங்களில் பத்துமலைத் திருத்தலத்திற்கு என்றும் தனியிடம் உண்டு. அமரர் தம்புசாமிப் பிள்ளை அவர்களின் பெருமுயற்சியால் உருவான இத்தலத்தில் 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசத் திருவிழா நடைபெற்று வருகிறது. 1920ஆம் ஆண்டில் மரப்படிகள் அமைக்கப்பட்டன. பின்னர் அவை 272 சிமெண்டுப் படிகளாயின. 2006ஆம் ஆண்டில் 42.7 மீட்டர் உயரத் திருவுருவச் சிலை எழுந்தது. 2010ஆம் ஆண்டில் இரயில் நிலையமும் திறக்கப்பட்டது. வசதி பெருகப் பெருக, குடும்பம் குடும்பமாக வரும் பக்தர்களின் கூட்டமும் பெருகியுள்ளது. அக்கூட்டத்தில் குழந்தைகளையும் முதியோரையும் காப்பது ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும்.

வேண்டுதல் ஏந்தாத ஒருவர்

தந்தை காவடி எடுக்கிறார். தாய் பால்குடம் ஏந்துகிறார். மாமன்மார் காவடியின் இரு புறமும் துணை நிற்கின்றனர். உறுமி மேளம் முழங்க, "வேல் வேல்" என்ற முழக்கம் விண்ணை எட்ட, அனைவரின் கண்களும் காவடியின் மீதே பதிந்திருக்கின்றன. அந்த வேளையில் ஐந்து வயதுக் குழந்தையின் கையைப் பற்றியிருப்பவர் யார்? "பாட்டியிடம் இருக்கிறான்" என்று தாயும், "அம்மாவிடம் இருக்கிறான்" என்று பாட்டியும் எண்ணிக் கொள்வதாலேயே குழந்தை தவறிப் போகிறது.

குழந்தைப் பேறு வாய்த்த தம்பதியர் கரும்புத் தொட்டில் சுமந்து படியேறுவது நம் மரபு. கரும்பின் ஒரு முனையைக் கணவனும் மறுமுனையை மனைவியும் தாங்குவர். தொட்டிலில் இருக்கும் இளங்குழந்தை பத்திரமாக இருக்கும். ஆனால் உடன் நடந்து வரும் மூத்த குழந்தையைப் பிடிக்க இருவருக்கும் கை இருப்பதில்லை.

ஆகவே, எந்த வேண்டுதலும் ஏந்தாத பெரியவர் ஒருவரைக் குழந்தைகளுக்கென்றே வீட்டிலிருந்து புறப்படும் முன்பே நியமிக்க வேண்டும். சிறு குழந்தைகள் இருவர் எனில் பெரியவரும் இருவர் வேண்டும். அவருடைய கையில் அர்ச்சனைத் தட்டோ பையோ இருத்தலாகாது. குழந்தையைக் காப்பதே அன்று அவர் செய்யும் திருத்தொண்டு.

மஞ்சள் ஆடையும் மொட்டையும்

"மஞ்சள் சட்டை அணிந்திருந்தான்" என்று கூறித் தைப்பூசத்தன்று குழந்தையைத் தேடுவது வீண். அன்று திருத்தலம் முழுவதும் மஞ்சள் ஆடைதான். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பின் குழந்தையின் தோற்றமும் மாறிவிடுகிறது. முடிகாணிக்கை செலுத்திய பிறகு கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக் கொள்வது நன்று. பெற்றோரின் தொலைபேசி எண்ணை நீர் படாத அட்டையில் எழுதிக் குழந்தையின் ஆடைக்குள் ஊசியால் குத்திவிடலாம். அந்நியர் பெயர் சொல்லி அழைத்துச் செல்ல இடம் தரக்கூடுமாதலால், குழந்தையின் பெயரை வெளியே தெரியும்படி எழுதுதல் கூடாது. தாய் தந்தையரின் முழுப் பெயரையும் குழந்தைக்குக் கற்றுக் கொடுத்தல் அவசியம்.

பிரிந்தால் கூடும் இடத்தையும் முன்கூட்டியே குறிக்க வேண்டும். "சிலைக்குக் கீழே" என்பது போதாது. நெரிசல் மிகுந்த இடமே அதுதான். சற்று விலகியுள்ள பந்தல் ஒன்றையோ கடை ஒன்றின் பெயர்ப் பலகையையோ குழந்தைக்கு நேரில் காட்டி வைக்கலாம். வழி தவறினால் தனியே படியேறாமல், சீருடை அணிந்த காவலரையோ தொண்டரையோ அணுகுமாறு சொல்லித் தர வேண்டும். அவசர உதவிக்கு 999 என்ற எண்ணை அழைக்கலாம்.

படிகளில் கவனம்

பால் சிந்திய படிகள் வழுக்கும். தேங்காய் உடைக்கும் இடத்தில் சிதறிய ஓடுகள் வெறுங்காலைக் கிழிக்கும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒதுக்கப்பட்ட வழிகளில் மட்டுமே செல்ல வேண்டும். படமெடுப்பதற்காக நடுப்படியில் நிற்பது பின்னால் வருவோரைத் தடுமாறச் செய்யும். அலகுக் காவடி வரும்போது குழந்தைகளுடன் முன்னதாகவே ஒதுங்கி வழிவிட வேண்டும்.

நெரிசலில் உடலோடு உடல் நெருங்கினால் எதிர்த்துத் தள்ளலாகாது. கைகளை மார்புக்கு முன் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்து, கூட்டத்தின் போக்கிலேயே நகர்ந்து சிறிது சிறிதாகப் பக்கவாட்டில் விலக வேண்டும். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்க முயலக் கூடாது. குழந்தையைத் தோளுயரத்திற்குத் தூக்கிக் கொள்ள வேண்டும்.

முதியோரும் இருதய நோயாளிகளும் வெயில் ஏறுமுன் சென்று திரும்புதல் நலம். நீரிழிவு உள்ளோர் விரதம் தொடங்குமுன் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். படியேற இயலாதவர் அடிவாரத்திலிருந்தே வணங்கலாம். அன்போடு குவித்த கரங்களை ஆறுமுகன் எங்கிருந்தாலும் காண்பான்.

கடைத்தெருவில்

தரிசனம் முடிந்ததும் குழந்தைகள் நாடுவது கடைகளையும் இராட்டினங்களையும்தான். அதில் தவறில்லை, திருவிழாவின் மகிழ்ச்சியில் அதுவும் ஒரு பங்கு. ஆனால், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிகளுக்கு அருகே அவர்களை விடலாகாது. தரையில் கிடக்கும் மின்கம்பிகளை ஈரக்காலால் மிதிக்கவும் கூடாது. இராட்டினத்தில் தடுப்புக் கம்பி சரியாகப் பூட்டப்பட்டதை உறுதி செய்த பின்னரே குழந்தையை அமர்த்த வேண்டும். தங்க நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது மனநிம்மதி தரும்.

காவடி இறக்கியதோடு நேர்த்திக்கடன் நிறைவு பெறுவதில்லை. உடன் வந்த குழந்தைகளும் பெரியோரும் ஒருவர் குறையாமல் வீடு திரும்பி, பூசையறையில் விளக்கேற்றி, திருநீறு அணியும் வேளையில்தான் அது முழுமை அடைகிறது. வேலவன் அருளால் அந்நிறைவு அனைத்துக் குடும்பங்களுக்கும் வாய்ப்பதாக!