காணாமல் போன அரை மணி நேரம்

1981 டிசம்பர் 31, இரவு மணி 11.45. அந்த நேரத்தில் கோலாலம்பூரில் என்ன நடந்தது? எதுவும் நடக்கவில்லை. அப்படி ஒரு நேரமே அன்று இங்கு வரவில்லை. மணி 11.30 ஆனதும் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டு, நேராக 12.00ஐக் காட்டின. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாவதற்காக எடுக்கப்பட்ட முடிவு அது. சிங்கப்பூரும் உடனே மாறிக்கொண்டது.

மாணவர்களே, இந்த அரை மணி நேரம் நிரல் எழுதுபவர்களுக்கு இன்றும் தலைவலி கொடுக்கிறது.

மருத்துவமனைப் பதிவில் ஒருவர் தம் பிறந்த நாளை 01/01/1982 என்று தட்டச்சு செய்கிறார். கணினிக்கு அது வெறும் பத்துக் குறிகள். அதிலிருந்து நாள், மாதம், ஆண்டைப் பிரித்து, காலக்கோட்டில் ஒரு புள்ளியாக மாற்ற வேண்டும். இந்த வேலையைச் செய்யும் நிரல் சரியா என்று பார்க்க, நிரலாளர் சோதனைகள் எழுதுவார்: 'இதைக் கொடுத்தால் இந்த விடை வர வேண்டும்.' சிக்கல் என்னவென்றால், அதே நிரல், அதே சோதனை, ஒரு கணினியில் தேறும், இன்னொன்றில் தோற்கும்.

ஊசல் பரிசோதனையை நினைத்துப் பாருங்கள். கயிற்றின் நீளத்தை மாற்றும்போது குண்டின் எடையை மாற்றமாட்டோம். அதைக் கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று அறிக்கையில் எழுதியும் வைப்போம். தேதிச் சோதனைகளில் இந்த மாறிகளை யாரும் எழுதி வைப்பதில்லை. அவை கணினிக்குள் ஒளிந்திருக்கின்றன.

முதலில் நேர மண்டலம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 2024-03-05 என்று மட்டும் எழுதினால், அதை உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நம் கணினியில் அது மார்ச் 5, காலை மணி 8. 'நாள் 5 வருகிறதா?' என்ற சோதனை இங்கே தேறிவிடும். நியூயார்க்கில் உள்ள கணினிக்கு அந்தக் கணம் மார்ச் 4, மாலை மணி 7. அங்கே சோதனை தோற்கும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை!

மொழி அமைப்பும் இப்படித்தான். ஆங்கில அமைப்புள்ள கணினியில் 'ஆகஸ்ட்' என்று படிக்கும் சோதனை, மலாய் அமைப்புள்ள கணினியில் 'ஓகோஸ்' என்ற சொல்லை எதிர்பார்த்துத் திணறும். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதினால் இன்னும் வேடிக்கை. 65 என்பதைப் பைத்தான் 2065 என்று படிக்கும். எக்செல் வழக்கமாக 1965 என்று படிக்கும். பாட்டி இன்னும் பிறக்கவே இல்லை என்று ஒரு நிரல் சொல்லக்கூடும்.

இனி நம் அரை மணி நேரத்துக்கு வருவோம். உலகின் நேர மாற்றங்களையெல்லாம் தொகுத்த பட்டியல் ஒன்று பல கணினிகளிலும் கைப்பேசிகளிலும் இருக்கிறது. விண்டோஸ் தனக்கென வேறு பட்டியல் வைத்திருக்கிறது. பொதுப் பட்டியலின் பழைய பதிப்புகள் நம் மாற்றத்தை நள்ளிரவு 12.00க்கு நடந்ததாகக் குறித்திருந்தன. பிறகு அது 11.30 எனத் திருத்தப்பட்டது. ஆகவே, பழைய பதிப்புள்ள கணினியில் 1982 ஜனவரி 1, நள்ளிரவு 12.00 என்ற கணமே கிடையாது. பிறந்த தேதியை 'அந்நாளின் நள்ளிரவு' என்று சேமிக்கும் நிரல்கள் ஏராளம். சில நிரல்கள் அதை 12.30க்குத் தள்ளும், சில பிழை என்று நின்றுவிடும். புதிய பதிப்பில் ஒரு சிக்கலும் வராது. உங்கள் பெற்றோர் வயதில் உள்ள ஒருவரின் பதிவு, எந்தக் கணினியில் திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது!

தீர்வு அறிவியல் கூடத்தில் பழகியதுதான். நேர மண்டலம், மொழி, தேதியின் வடிவம், பட்டியலின் பதிப்பு ஆகியவற்றைச் சோதனையிலேயே வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதும் ஐஎஸ்ஓ 8601 வடிவம் நாள், மாதக் குழப்பத்தைத் தவிர்க்கும். வயதைக் கணக்கிடும் நிரல் தானாகக் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. 'இன்று' எது என்பதையும் உள்ளீடாகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் '15 வயது' என்ற விடை அடுத்த பிறந்த நாளோடு தவறாகிவிடும்.

சிலர் எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்தில் பூட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். என் கருத்தில் அது பாதி வேலைதான். சோதனை தேறும், கோலாலம்பூர்ப் பயனரின் திரையில் தேதி தவறாகவே இருக்கும். அதே சோதனையை நியூயார்க், ஐந்தே முக்கால் மணி முன்னிருக்கும் காட்மாண்டு, நம் கோலாலம்பூர் என வெவ்வேறு மண்டலங்களில் வேண்டுமென்றே ஓட்ட வேண்டும். அப்போது நேர மண்டலம் தற்சார்பு மாறியாகிவிடுகிறது. சில நேரம் தேறி, சில நேரம் தோற்கும் சோதனையை 'மறுபடி ஓட்டிப் பார்' என்று விட்டுவிடும் பழக்கம் இன்னும் மோசம். நாளடைவில் உண்மையான பிழையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்கள் இதைச் செய்து பாருங்கள். கணினிகள் 1970 ஜனவரி 1, உலகப் பொது நேர நள்ளிரவைச் சுழியமாக வைத்து நேரத்தை எண்ணுகின்றன. சுழியத்தைத் தேதியாக மாற்றி, நம் நேரத்தில் காட்டச் சொல்லுங்கள். காலை மணி 7.30 என்று வந்தால் உங்கள் கணினிக்கு 1981ஆம் ஆண்டின் கதை தெரியும். 8.00 என்று வந்தால் தெரியாது.