ஒளிரும் திரையைப் படம்பிடித்தல்

கொச்சி நகரின் வைட்டிலாவில் பேருந்து, மெட்ரோ ரயில், நீர்வழிப் படகு ஆகிய மூன்றும் அருகருகே கூடுகின்றன. அங்கு ஒரு பேருந்தின் நெற்றியில் ஒளிரும் ஊர்ப்பெயர்ப் பலகையைக் கைப்பேசியால் படம்பிடித்தால், எழுத்துகளின் சில பகுதிகள் மறைந்திருக்கக் காணலாம். கண்ணுக்கு முழுமையாகத் தோன்றிய பெயர் படத்தில் குறைபடுவது ஏன்?

இத்தகைய பலகைகள் பலவற்றில் விளக்குகள் அனைத்தும் ஒரே சமயத்தில் எரிவதில்லை. ஒரு வரிசை எரிந்து அணைந்ததும் அடுத்த வரிசை எரியும். இச்சுற்று மிக விரைவாக நிகழ்வதால் கண் அதனை இடையறாத ஒளியாகக் கொள்கிறது. கேமராவோ, தான் ஒளியை ஏற்கும் சிறுபொழுதில் எரிந்தவற்றை மட்டுமே பதிவு செய்கிறது.

படப்பிடிப்புத் தளங்களில் இவ்விடர் நெடுங்காலமாக அறியப்பட்டதாகும். காட்சியில் இயங்கும் தொலைக்காட்சிப் பெட்டியை உதாரணமாகக் கொள்வோம். பழைய குழாய்த் திரையில், இந்திய முறைப்படி, வினாடிக்கு 50 முறை ஒளிக்கோடுகள் மேலிருந்து கீழாக வரையப்பட்டன. திரைப்படக் கேமரா வினாடிக்கு 24 படங்கள் எடுக்கும். வழக்கமான பாதித் திறப்பில் ஒவ்வொரு படத்திற்கும் ஒளி படும் நேரம் 1/48 வினாடி. திரையின் ஒரு சுற்றுக்கோ 1/50 வினாடியே ஆகும். ஆகவே திரையின் உயரத்தில் 24இல் ஒரு பங்கு இருமுறை பதிவாகி, பளிச்சிடும் பட்டையாகத் தோன்றும். அப்பட்டை வினாடிக்கு இருமுறை திரையைக் கடந்து செல்லும். கேமராவை வினாடிக்கு 25 படங்களாக ஓட்டினால், ஒளி படும் நேரமும் 1/50 வினாடியாகிப் பட்டை நீங்கும்.

இன்றைய தளங்களில் பின்னணியாக நிறுத்தப்படும் பெரிய எல்.இ.டி. சுவர்களுக்கும் தத்துவம் இதுவே. சுவரின் இயக்கமும் கேமராவின் இயக்கமும் ஒரே காலத் துடிப்பில் பிணைக்கப்படுகின்றன. வேறொரு வழியும் உண்டு. மகேஷ் நாராயணன் இயக்கி 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சி யூ சூன்’ என்னும் மலையாளப் படத்தில், கதை கணினி, கைப்பேசித் திரைகளிலேயே நிகழ்கிறது. அத்திரைத் தோற்றங்கள் படத்தொகுப்பின்போது உருவாக்கப்பட்டன. திரையை நோக்கிக் கேமராவைத் திருப்பாவிடில் பட்டைக்கும் இடமில்லை.

களப்பணியாளருக்கு இச்செய்தி வெறும் வேடிக்கையன்று. சிவப்பு எண்கள் ஒளிரும் தராசு முதலிய கருவிகளிலும் இலக்கங்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றாகவே எரிகின்றன. 120 கிலோ என்ற அளவு, நல்ல வெயிலில் விரைந்து எடுத்த படத்தில், ஈற்றிலக்கம் விடுபட்டு 12 எனப் பதிவாகலாம். படத்தை மட்டும் நம்பிக் கணக்கு எழுதினால் ஒரு குடியானவரின் விளைச்சல் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே ஒளி படும் நேரத்தை 1/50 அல்லது 1/25 வினாடியாக அமைக்க வேண்டும். அவ்வசதி இல்லாவிடில் கருவியை நிழலில் வைத்து, இரண்டு மூன்று படங்கள் எடுத்து ஒப்பிடுக. கண்ணால் கண்ட அளவைக் கையால் குறித்து வைப்பதும் அவசியம்.

ஆசிரியர்கள் ஒரே பலகையை 1/1000 வினாடியிலும் 1/50 வினாடியிலும் படம்பிடித்து மாணவர்களுக்குக் காட்டலாம். கண் காண்பதும் கருவி காண்பதும் ஒன்றல்ல என்பது அவ்விரு படங்களாலேயே விளங்கும்.