மேய்ந்த நிலத்திற்கே எரு

புல் மண்ணிலிருந்து சத்துகளைப் பெறுகிறது. கால்நடை புல்லிலிருந்து பெறுகிறது. அவ்வாறு பெற்ற தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றுள் சிறுபகுதியே பாலாகவும் தசையாகவும் மாறுகிறது. பெரும்பகுதி சாணமாகவும் சிறுநீராகவும் வெளியேறிவிடுகிறது. அது மேய்ந்த நிலத்திற்கே திரும்பினால் புல் தழைக்கும். திரும்பாவிட்டால் நிலம் ஆண்டுதோறும் மெலியும். கொங்குப் பகுதியின் கொறங்காடு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

கொறங்காட்டின் அமைப்பு

திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் மழை குறைந்த பகுதிகளில் உழவர்கள் பேணிவரும் மேய்ச்சல் நிலமே கொறங்காடு. கிளுவை உயிர்வேலியாக நிற்க, தரையில் கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரங்களும் வளர்கின்றன. காங்கேயம் மாடுகளும் மேச்சேரி ஆடுகளும் இங்கு மேய்கின்றன. நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்க்கும்போது மற்றொன்றிற்கு ஓய்வளிப்பர். சாணம் விழுந்த இடத்துப் புல்லைக் கால்நடைகள் நாற்றத்தால் ஒதுக்கும். ஓய்வுக் காலத்தில் சாணம் மட்கி, நாற்றம் நீங்கி, புல் மீண்டும் துளிர்க்கிறது.

சத்து திரும்பும் வழி

சிறுநீரில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் மிகுதி. அவை விரைவில் வேருக்குக் கிடைக்கும். மணிச்சத்து பெரும்பாலும் சாணத்தில் உள்ளது; அது மெல்ல மட்கியே பயன்தரும். சாணம் வெயிலில் காய்ந்து கிடந்தால், தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியா வளியாகக் காற்றில் கலந்துவிடும். சாணவண்டுகள் சாணத்தை மண்ணுக்குள் கொண்டுசென்று இவ்விழப்பைக் குறைக்கின்றன. அவை துளைத்த வழியே மழைநீரும் மண்ணில் இறங்குகிறது.

எருவைப் பரப்பும் முறை

மர நிழலிலும் தண்ணீர்த் தொட்டியருகிலும் கால்நடைகள் கூடுவதால் அங்கு எரு குவியும். தொலைவிலுள்ள மூலைகள் வறண்டே கிடக்கும். இரவில் ஆடுகளைப் பட்டியில் அடைத்து, பட்டியை இடம் மாற்றிக்கொண்டே சென்றால் நிலம் முழுவதும் எரு பெறும். தொழுவத்துச் சாணத்தை எருக்குழியில் நன்கு மட்கச் செய்த பின்னரே இடவேண்டும். மட்கும்போது எழும் வெப்பம் களைவிதைகள் பலவற்றை அழிக்கும். சீமைக்கருவேலக் காய்களைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்திற்கு இது மிகவும் இன்றியமையாதது. அவ்விதைகள் செரிக்காமல் வெளிவந்து முளைப்பவை. மட்கிய எருவை மழைக்கு முன்னர் மெல்லியதாகத் தூவவேண்டும். தடித்துப் பரப்பினால் ஒளி படாமல் புல் வெளிறி அழுகும். எருவிட்ட பின்னர், மழை பெய்து புதுப்புல் வளரும்வரை மேய்ச்சலைத் தவிர்த்தல் நலம்.

காக்கவேண்டிய சுழற்சி

கொறங்காடுகள் வீட்டுமனைகளாகவும் தொழிற்கூடங்களாகவும் மாறிவருகின்றன. எஞ்சிய நிலத்தின் வளமோ எருவைப் பொறுத்தது. எருவை விற்பவருக்கு அன்றைய வருவாய் கிடைக்கலாம். ஆனால் அவ்வெருவோடு வரும் ஆண்டின் புல்லும் வண்டியேறிப் போய்விடுகிறது. புல் குறைந்தால் கால்நடை குறையும். கால்நடை குறைந்தால் எருவும் குறையும். நிலம் தந்ததை நிலத்திற்கே அளிப்பதுதான் இச்சுழற்சியைக் காக்கும் வழி.