இலைக்கு ஒன்று, வேருக்கு ஒன்று

ராமேஸ்வரத்து உப்புக்காற்றிலும் வெறும் மணலிலும் எங்கள் வேலியோரம் பூத்துக் கிடப்பது நித்தியகல்யாணி. ஆடு வாய் வைக்காது, அவ்வளவு கசப்பு. நாற்பது வயதுக்கு மேலே தாவரவியல் படித்த எனக்கு அந்தக் கசப்புதான் பிடிக்கும்.

அந்தக் கசப்புப் பொருட்களில் வேரில் சேர்வது அஜ்மலிசின், ரத்த ஓட்டத்துக்கான மருந்து. இலையின் கணக்கு வேறு. கேதரந்தின் என்ற பொருள் மேல்தோல் செல்களில் உருவாகி, வெளியே மெழுகுப் படலத்தில் போய்ப் படிகிறது. விண்டோலின் என்ற பொருள் இலைக்கு உள்ளே, தனிச் செல்களில் அடைபட்டிருக்கிறது. அது உருவாக வெளிச்சம் வேண்டும். அதனால் வேரில் தேடிப் பயனில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. செடியோ இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. 1 கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கனடாவில் நோபிள், பீர் என்ற இரு ஆய்வாளர்கள் சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்றுதான் இந்த இலையைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. அந்தத் தடத்தைப் பிடித்துப் போய், 1958-ல் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா இன்னமும் கேட்கிறார்: “சுகருக்கு நாலு இலை கொதிக்கவச்சுக் குடிக்கட்டுமா?”

“வேணாங்க்கா. அது வெள்ளணுவுல கைவைக்கிற சரக்கு. டாக்டர் குடுத்த மாத்திரையப் போடுங்க.”