தோன்றா எழுவாய்: ஒரு கொரியத் திரைப்படமும் அதன் சுவைஞர்களின் கருத்து வேறுபாடுகளும்

தென்கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் இரண்டாவது முழுநீளத் திரைப்படம் 2003ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆங்கில வழியாக அது ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ என்னும் பெயரில் உலகெங்கும் அறியப்பட்டுள்ளது. கியோங்கி மாகாணத்தின் ஹ்வாசோங் வட்டாரத்தில் 1986 முதல் 1991 வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்ட நிகழ்ச்சிகளையும், அவற்றையொட்டி கிம் குவாங்-ரிம் எழுதி 1996இல் மேடையேறிய நாடகத்தையும் அப்படம் அடிப்படையாகக் கொண்டது. வெளிவந்த ஆண்டிலேயே கொரியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனைக் கண்டனர். அப்போது கொலையாளி யார் என்பது எவருக்கும் தெரியாது. படமும் அதைச் சொல்லாமலே முடிகிறது.

இப்படத்தைப் பற்றிச் சுவைஞர்கள் கூறும் கருத்துகள் பெரும்பாலும் மூன்று வினாக்களைச் சுற்றியே அமைகின்றன. மூன்றாவதாகப் பிடிபடும் இளைஞன் கொலையாளியா அல்லனா? சுரங்கப்பாதையின் வாயிலில் துப்பறிவாளர் பார்க் டூ-மான் அவனிடம் கேட்கும் கேள்விக்கு என்ன பொருள்? இறுதிக் காட்சியில் அவர் பார்வையாளர்களை நேருக்கு நேர் நோக்குவது ஏன்? இவற்றைக் கதைப்பின்னல் பற்றிய வினாக்களாகவே பலரும் கருதுகின்றனர். ஆயினும் ஊன்றி நோக்கின், இவற்றின் வேர் கொரிய மொழியின் தொடரமைப்பிலும் சொல்வழக்கிலும் கிடப்பது புலனாகும். கொரியத்திலேயே கேட்டவர்களும், திரையின் அடியில் ஓடும் பெயர்ப்பு வரிகளின் (சப்டைட்டில்) வழியாகப் படித்தவர்களும் ஒரே படத்தைப் பற்றி விவாதிக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

தலைப்பு

இவ்வேறுபாடு தலைப்பிலேயே தொடங்குகிறது. கொரியத் தலைப்பிலுள்ள ‘சுவொக்’ என்னும் சொல் வெறும் நினைவைக் குறிப்பதன்று. பொதுவான நினைவுக்குக் ‘கியொக்’ என்னும் வேறொரு சொல் உண்டு. பள்ளிப் பருவம், முதற்காதல், பிறந்த ஊர் ஆகியவற்றை ஏக்கத்தோடு எண்ணிப் பார்ப்பதற்கே ‘சுவொக்’ பெரிதும் வழங்குகிறது. அதனைக் கொலை என்னும் சொல்லோடு சேர்த்தது கேட்போரை உறுத்துவதற்காகவே எனலாம். ஆங்கிலப் பெயர்ப்பில் அவ்வுறுத்தல் இல்லை. ‘கொலையின் நினைவுகள்’ என்னும் தமிழாக்கத்திலும் இல்லை. தமிழ் இதழ்கள் பழகித் தேய்த்துவிட்ட ‘மலரும் நினைவுகள்’ என்னும் தொடரே ‘சுவொக்’ என்பதன் சாயலுக்கு மிக அண்மையில் நிற்கிறது. கொலைகளைப் பற்றிய படத்துக்கு அப்பெயரைச் சூட்டினால் தமிழர் எவ்வாறு திடுக்கிடுவரோ, கொரியர் ஏறத்தாழ அவ்வாறே திடுக்கிட்டிருத்தல் வேண்டும்.

செய்தவன் யார்?

படத்தில் முதலில் பிடிபடுபவன் குவாங்-ஹோ. இறைச்சி உணவகம் நடத்துபவரின் மகன், அறிவு வளர்ச்சி குன்றியவன், தீக்காயத் தழும்புடையவன். காவலர்கள் அவனைக் காட்டுக்கு இழுத்துச் சென்று குழி தோண்டவைத்து மிரட்டுகின்றனர். அவன் அழுதுகொண்டே பேசுகிறான். அந்தப் பெண் எவ்வாறு பிடிக்கப்பட்டாள், கழுத்து எவ்வாறு இறுக்கப்பட்டது, முகம் எவ்வாறு மூடப்பட்டது என்றெல்லாம் நுணுக்கமாகச் சொல்கிறான். கொலையாளிக்கன்றி வேறெவருக்கும் தெரிய இயலாத செய்திகள் அவை. ஒலிநாடாவில் பதிவாகும் அப்பேச்சைக் காவலர்கள் ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்கின்றனர்.

நெடுநாள் கழித்து அதே ஒலிநாடாவை மீண்டும் கேட்கும்போதுதான் உண்மை தெரிகிறது. அவன் தான் செய்ததைச் சொல்லவில்லை. பிறனொருவன் செய்யக் கண்டதைச் சொல்லியிருக்கிறான். கொலையாளி எனக் கருதப்பட்டவன் உண்மையில் நேரில் கண்ட ஒரே சாட்சி. அவனைத் தேடி ஓடுகின்றனர். கேட்க வேண்டியதைக் கேட்டு முடிப்பதற்குள் அவன் தொடர்வண்டியில் அடிபட்டு இறக்கிறான்.

இத்திருப்பம் சற்றே வலிந்து புகுத்தப்பட்டது என்று கருதும் சுவைஞர்கள் உண்டு. ஒருவன் ‘நான்’ என்று சொல்கிறானா, ‘அவன்’ என்று சொல்கிறானா என்பதுகூடவா காவலர்களுக்குப் புரியாது என்பது அவர்களின் கேள்வி. ஆங்கில வரிகளை மட்டும் படித்தவருக்கு இக்கேள்வி நேர்மையானதே. கொரிய வினைமுற்றில் தன்மை, முன்னிலை, படர்க்கை காட்டும் விகுதி இல்லை. எழுவாய் சூழலால் விளங்கும் என்று பேசுவோர் கருதும் இடங்களில் அதனைச் சொல்லாமல் விடுவதே அம்மொழியின் இயல்பு. ‘இறுக்கினேன்’, ‘இறுக்கினான்’ ஆகிய இரண்டும் அங்கு ஒரே வடிவம். காவலர்கள் காது கேளாதவர்கள் அல்லர். காலியாக விடப்பட்ட எழுவாயின் இடத்தில் தாம் விரும்பிய பெயரை இட்டு நிரப்பிக்கொண்டவர்கள்.

தமிழ் இலக்கணத்தார் ‘தோன்றா எழுவாய்’ என்று குறிப்பிடுவது இதனோடு ஒப்பிடத்தக்கது, ஆனால் ஒன்றன்று. தமிழில் எழுவாய் சொல்லில் தோன்றாவிடினும் வினைமுற்றின் விகுதியில் தோன்றிவிடுகிறது. ஆகவே இக்காட்சியைத் தமிழாக்குவோர் ‘இறுக்கினேன்’ என்று எழுதினால் குவாங்-ஹோவைப் பொய்யனாக்குவர். ‘இறுக்கினான்’ என்று எழுதினால் காவலர்களை மூடர்களாக்கிப் படத்தின் முடிச்சையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே அவிழ்த்துவிடுவர். ‘இறுக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டுவினையால் ஒதுங்கிவிடலாம் எனினும், குழிக்குள் நின்று அழும் ஓர் இளைஞன் வாயில் அது நீதிமன்ற எழுத்தரின் மொழியாக ஒலிக்கும்.

தமிழுக்கென்றே அமைந்த வழி ஒன்று உண்டு. வினையெச்சம் பால் காட்டுவதில்லை. ‘பின்னாலே வந்து... கழுத்தைச் சுத்தி... இறுக்கி... அப்புறம் மூஞ்சியை மூடி...’ என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய், முற்றுக்கு வருமுன் அழுகையால் பேச்சு அறுந்துபோகுமாறு செய்யலாம். திக்கித் திணறிப் பேசும் ஒருவனுக்கு அது இயல்பாகவும் அமையும். கேட்பவர் முற்றினைத் தாமே இட்டுக்கொள்வர். காவலர்கள் செய்ததும் அதுவே. ஆங்கிலத்தில் பெயர்ப்போருக்கு இவ்வாய்ப்பு மிகக் குறைவு.

இது வெறும் பெயர்ப்பு நுட்பமாக மட்டும் நின்றுவிடவில்லை. 1988இல் நடந்த எட்டாவது கொலையில் கொல்லப்பட்டவள் 13 வயதுச் சிறுமி. மறு ஆண்டு அப்பகுதி இளைஞர் ஒருவர் கைது செய்யப்பட்டு, அவரது ஒப்புதல் வாக்குமூலத்தையும் அறிவியல் ஆய்வறிக்கை ஒன்றையும் சான்றாகக் கொண்டு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உறங்கவிடாமல் அடித்துத் துன்புறுத்திப் பெறப்பட்ட வாக்குமூலம் அது என்று அவர் பின்னர் கூறியது ஏற்கப்படவில்லை. 20 ஆண்டுகள் சிறையிலிருந்து 2009இல் வெளிவந்தார். மறுவிசாரணையில் 2020 டிசம்பரில்தான் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. படம் வெளியாகிச் சுவைஞர்கள் குவாங்-ஹோவின் பேச்சை நகைச்சுவையாகப் போலி செய்துகொண்டிருந்த 2003ஆம் ஆண்டில் அவர் சிறையில் இருந்தார். படத்தின் முற்பகுதி தேவைக்கு மேல் சிரிக்கவைக்கிறது என்னும் குறை அன்றே சிலரால் கூறப்பட்டது. இன்று அக்குறைக்கு வலு கூடியிருக்கிறது.

சோறு

சுரங்கப்பாதைக் காட்சியே மிகுதியாகப் பேசப்படுவது. அமெரிக்காவிலிருந்து வந்த மரபணு ஆய்வின் முடிவு பொருந்தவில்லை. ஆவணங்கள் பொய் சொல்லா என்று படம் முழுதும் வாதிட்டுவந்த தலைநகர்த் துப்பறிவாளர் சியோ தே-யூன், ஆவணமே பொய் என்று கூவி இளைஞனைச் சுடத் துணிகிறார். முகத்தைப் பார்த்தே குற்றவாளியை அறிந்துவிடுவதாகப் பெருமையடித்துவந்த பார்க் டூ-மான் அவரைத் தடுத்து, இளைஞனின் முகத்தைக் கையில் ஏந்தி நெடுநேரம் உற்று நோக்குகிறார். தெரியவில்லை என்கிறார். பின்னர் ‘பபுன் மொக்கோ தானிஞா?’ என்று கேட்டு விட்டுவிடுகிறார். இத்தொடர் திரைக்கதையில் இல்லை. நடிகர் சாங் காங்-ஹோ படப்பிடிப்பின்போது தாமே கூறியது.

‘பப்’ என்பது சோறு. உணவு என்றும் பொருள்படும். நெல், அரிசி, சோறு ஆகியவற்றைத் தமிழைப் போலவே கொரியமும் மூன்று தனிச்சொற்களால் பிரித்துரைக்கிறது. ஆங்கிலத்தின் ‘ரைஸ்’ மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. ‘-உன்’ என்பது இவ்விடத்தில் ஏறத்தாழத் தமிழின் ‘-ஆவது’. ‘மொக்கோ’ உண்டு என்னும் எச்சம் போன்றது. ‘தானி’ வழக்கமாக அங்குமிங்கும் சென்றுவருதலைக் குறிக்கும் வினை. ‘-ஞா’ மரியாதை சேராத வினா விகுதி. சொல்லுக்குச் சொல் வைத்தால், ‘சோறாவது தின்றுவிட்டுத் திரிகிறாயா?’ என்று தமிழில் வரிசைகூட மாறாமல் அமைகிறது.

கொரியாவில் இது அன்றாட நலவிசாரிப்பு. வெளியூரில் இருக்கும் மகனைத் தாய் கேட்பதும் இதுவே. ஒரு கொலையாளியிடம் கேட்கப்படும்போதோ பொருள் பிளவுபடுகிறது. இவ்வளவும் செய்துவிட்டு உனக்குச் சோறு இறங்குகிறதா என்னும் வசை என்பர் ஒரு சாரார். நீயும் என்னைப் போல் உண்டு உறங்கும் மனிதன்தானா என்னும் திகைப்பு என்பர் மற்றொரு சாரார். தான் அடித்து நொறுக்கிய, ஒருவேளை குற்றமற்ற ஓர் இளைஞனிடம் காட்டும் இரக்கம் என்று கொள்வோரும் உளர். ஆங்கில வரிகளுள் ஒன்று சோற்றையே நீக்கிவிட்டுக் காலையில் எழுவது பற்றிய வினாவாக அதனை மாற்றியது. அன்றாட வாழ்வின் இயல்பைக் காட்ட முயன்ற பெயர்ப்பு என்று அதற்கு அமைதி கூறலாம். ஆனால் வசையும் பரிவும் ஒருங்கே அதில் போய்விட்டன. அவ்வரியைப் படித்த அயல்நாட்டுச் சுவைஞர்கள் இக்காட்சியைப் புரிபடாத புதிராகக் கருதியதில் வியப்பில்லை.

தமிழில் இதற்கு நேரும் இடர் வேறு வகையானது: பொருத்தமான தொடர்கள் மிகுதியாக இருப்பதே அது. ‘உனக்கெல்லாம் சோறு இறங்குதா?’ என்பது கேட்பதற்கு மிக இயல்பானது. ஆனால் அது இளைஞனைக் கொலையாளி என்று தீர்மானித்துவிடுகிறது. தெரியவில்லை என்று அப்போதுதான் கூறியவர் அவ்வாறு கேட்கமாட்டார். ‘வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?’ என்பது முழுப் பரிவு. இரண்டுக்கும் நடுவே நிற்பது ‘வேளைக்குச் சோறாவது திங்கிறியாடா?’ போன்ற பேச்சுத்தொடர். இதில் ‘டா’ என்னும் ஒட்டு பெரும்பணி ஆற்றுகிறது. தாய் மகனை அழைப்பதும் காவலர் கைதியை அதட்டுவதும் அதே ஒட்டால்தான். கொரியத்தின் ‘-ஞா’ சுமக்கும் இருபொருளைத் தமிழில் சுமக்க அதனினும் சிறந்தது கிடைத்தல் அரிது. எழுத்துத் தமிழே தூய்மையானது என்று கருதி அதனை நீக்கிவிடும் பெயர்ப்பாளர் இக்காட்சியையே நீக்கியவராவார்.

முகம்

இறுதிக் காட்சி 2003இல் நிகழ்கிறது. காவல்பணியை விட்டு வணிகராகிவிட்ட பார்க், முதற்பிணம் கிடந்த வயலோர வடிகாலைக் குனிந்து பார்க்கிறார். சில நாள் முன்பு வேறொருவரும் இவ்வாறே வந்து பார்த்ததாக ஒரு சிறுமி சொல்கிறாள். முகம் எப்படி இருந்தது என்று கேட்கிறார். அவள் கூறும் கொரியச் சொற்களுள் ஒன்று ‘சாதாரணமான’ என்பது. மற்றொன்று, பார்க்காமலே தெரிந்த, எங்கும் காணும் என்னும் கருத்துடையது. முகத்தைக் கொண்டே குற்றவாளியை அறிபவர் என்று தம்மை எண்ணியிருந்தவருக்கு இதைவிடக் கொடிய விடை இல்லை. பெயர்ப்பில் ‘சாதாரண முகம்’ என்பதோடு நிறுத்திவிடாமல் ‘எங்கேயும் பார்க்கிற மாதிரி முகம்’ என்று சேர்ப்பது பொருந்தும். அதன் பின்னர் பார்க் திரையிலிருந்து வெளியே நோக்குகிறார். கொலையாளி திரையரங்குக்கு வந்திருந்தால் அவன் கண்ணைச் சந்திக்க வேண்டும் என்று எண்ணியே இவ்வாறு அமைத்ததாக இயக்குநர் கூறியுள்ளார்.

கொலையாளி திரையரங்குக்கு வந்திருக்க இயலாது. 2019 செப்டம்பரில் மரபணு ஒப்பீட்டின் வழி அடையாளம் காணப்பட்ட லீ சுன்-ஜே, தன் மனைவியின் தங்கையைக் கொன்றதற்காக 1994 முதலே சிறையில் இருந்தவன். கொரியத்தில் சிறை புகுவதை ‘அவரைச் சோறு தின்பது’ என்பர். தமிழில் ‘களி தின்பது’ என்பதற்கு ஒப்பான மரபுத்தொடர் அது. சோறு தின்கிறாயா என்று படம் எவனை நோக்கிக் கேட்டதோ அவன் அப்போது அவரைச் சோறு தின்றுகொண்டிருந்தான். 2020 நவம்பரில் சாட்சியம் அளித்தபோது, படத்தைச் சிறையில் பார்த்ததாகவும் அது தன்னுள் எவ்வுணர்வையும் எழுப்பவில்லை என்றும் அவன் கூறினான். வழக்குகளுக்குரிய காலவரம்பு 2006இலேயே முடிந்துவிட்டதால் அவற்றுக்காக அவனைத் தண்டிக்க இயலவில்லை.

உண்மை தெரிந்த பின் படம் சுவை குன்றிவிட்டது என்று சிலரும், சுரங்கப்பாதை இளைஞன் குற்றமற்றவன் என்பது உறுதியாகிவிட்டதால் அக்காட்சி முன்னிலும் கொடுமையாகிவிட்டது என்று சிலரும் கூறுகின்றனர். இரண்டாவது கருத்து கவர்ச்சியானதாயினும் தருக்கத்துக்குப் பொருந்துவதன்று. புனைவு மாந்தனை வரலாற்று மரபணு விடுவிக்காது. படத்துக்குள் அவன் இன்னும் எழுவாய் தெரியாத வினைக்கு முன்னேதான் நிற்கிறான்.

2019 டிசம்பரில் கொரியக் காவல்துறை இவ்வழக்கின் பெயரையே மாற்றியது. முப்பது ஆண்டுகளாக ‘ஹ்வாசோங் தொடர்கொலை வழக்கு’ என வழங்கியது, அவ்வூர் மக்களின் வேண்டுகோளை ஏற்று ‘லீ சுன்-ஜே தொடர்கொலை வழக்கு’ ஆயிற்று. படத்தைப் பற்றி எழுதுவோரும் பெயர்ப்போரும் பலர் இன்றும் பழைய பெயரையே ஆள்கின்றனர்.