ஸ்பேஸ் பாரைத் தட்டும் முன் பாடுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கியாகி விட்டது. இ-மெயில் பார்க்கிறோம், படம் பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம். கேட்பதோடு நிற்காமல், இசையைக் கற்றுக் கொள்ளவும் இதே கம்ப்யூட்டர் உதவுமா? உதவும். ஆனால் எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் நம்மைக் கெடுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். நான் இதை மதிப்பெண் இழந்துதான் தெரிந்து கொண்டேன்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவன். சங்கீதம் கற்றதில்லை. வேலைக்காகக் கலிபோர்னியா வந்த பிறகு, வீட்டுக்கு அருகில் உள்ள கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் என்ன?

அமெரிக்காவில் இரண்டாண்டுப் படிப்புகளை நடத்தும் பொதுக் கல்லூரிகள் இவை. கலிபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன. நுழைவுத் தேர்வு கிடையாது. 18 வயது நிரம்பியவர்கள் சேரலாம். மாநிலத்தில் வசிப்பவராக அங்கீகரிக்கப்பட்டால் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 2012 முதல் இதே தொகைதான். மற்றவர்களுக்குப் பல மடங்கு அதிகம். என் வகுப்பில் பள்ளி முடித்த பையனும் இருந்தான், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தாவும் இருந்தார்.

இசைக்கு இரண்டு பாடங்கள் சேர்ந்தே வரும். ஒன்று மியூசிக் தியரி. சுரங்கள், அவற்றின் இடைவெளிகள், ஸ்கேல், கார்டு ஆகியவற்றை எழுத்தில் கற்பது. மற்றது மியூசிஷியன்ஷிப். தாளைப் பார்த்தவுடன் பாடுவது, காதால் கேட்டதை எழுதுவது. முன்னது மூளைக்கு, பின்னது காதுக்கு.

கணக்கு சரி, பெயர் தவறு

தியரி எனக்கு எளிதாக இருந்தது. ஒரு ஆக்டேவில் 12 அரைச் சுரங்கள். ஏ என்னும் சுரத்தின் அதிர்வெண் 440 ஹெர்ட்ஸ். அதைச் சுமார் 1.0595 ஆல் பெருக்கினால் அடுத்த அரைச் சுரம். 12 முறை பெருக்கினால் 880, அதாவது மேல் ஏ. இது புரோகிராமருக்கு லட்டு மாதிரியான கணக்கு.

அந்தத் தெம்பில் எழுதிய முதல் வீட்டுப் பாடத்திலேயே சிவப்பு மை. சி-யிலிருந்து மூன்று அரைச் சுரம் தள்ளி இருப்பதை டி ஷார்ப் என்று எழுதியிருந்தேன். கேள்வியோ மைனர் தேர்டு. சி, டி, இ என எண்ணினால் மூன்றாவது எழுத்து இ. எனவே இ பிளாட் என்றுதான் எழுத வேண்டும். பியானோவில் இரண்டுக்கும் ஒரே கட்டைதான். ஆனால் சி-யிலிருந்து டி ஷார்ப் வரை உள்ள இடைவெளிக்கு ஆக்மென்டட் செகண்டு என்று பெயர். ஒரே மதிப்பு, இரண்டு வேரியபிள் பெயர்கள் என்று புரிந்து கொண்டேன்.

இருபதுக்கு நான்கு

மியூசிஷியன்ஷிப் வகுப்பில்தான் வண்டி கவிழ்ந்தது. ஆசிரியை பியானோவில் ஒரு சிறிய மெட்டை நான்கு முறை வாசிப்பார். கேட்டு எழுத வேண்டும். ஐந்தாவது வாரத் தேர்வில் இருபதுக்கு நான்கு. ஒன்பதாவது வாரம் ஐந்து. வீட்டுப் பாடத்தில் மட்டும் முழு மதிப்பெண்!

படிப்பிலிருந்து விலகக் கடைசித் தேதி நெருங்கியது. அதற்குள் விலகினால் சான்றிதழில் தோல்வி என்று வராது, டபிள்யூ என்ற எழுத்து மட்டும் வரும். ஓர் இரவு அந்தப் பட்டனுக்கு மேல் மவுஸைக் கொண்டு போய் வைத்து விட்டேன். எதற்கும் ஒருமுறை கேட்டு விடலாம் என்று மறுநாள் ஆசிரியையைப் பார்த்தேன்.

"வீட்டுப் பாடம் எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். கம்ப்யூட்டரில் ஒரு சுரம் எழுதுவேன், தட்டிக் கேட்பேன், தவறென்றால் மாற்றுவேன், மறுபடி கேட்பேன் என்றேன். "அப்படியானால் பாடம் படித்தது கம்ப்யூட்டர்தான், நீங்கள் இல்லை" என்றார். புரோகிராம் எழுதத் தெரியாதவன் வரிக்கு வரி மாற்றி மாற்றி ரன் செய்து பார்ப்பது போல்தான் நான் செய்திருக்கிறேன். அவர் சொன்ன விதி ஒன்றே ஒன்று: முதலில் பாடுங்கள், பிறகு தட்டுங்கள்.

வீட்டில் எப்படிப் பயில்வது?

1. மியூஸ்ஸ்கோர்: இசைக் குறிப்பு எழுதும் இலவச சாப்ட்வேர். மியூஸ்ஸ்கோர் டாட் ஆர்க் தளத்தில் இறக்கிக் கொள்ளலாம். டாட் காம் என்று முடியும் தளம் வேறு. அங்கே சந்தா கேட்பார்கள். சாப்ட்வேருக்குப் பணம் தேவையில்லை.

புதிய ஸ்கோர் திறந்து பியானோவைத் தேர்ந்தெடுங்கள். கீபோர்டில் என் எழுத்தைத் தட்டினால் எழுதும் நிலைக்கு வரும். 5 தட்டினால் ஒரு எண்ணிக்கை நீளமுள்ள சுரம். பிறகு சி, டி, இ, எஃப், ஜி என்று தட்டுங்கள். இப்போது உடனே ஒலிக்க விடாதீர்கள். டோ, ரே, மி, பா, சோல் என்று வாய்விட்டுப் பாடுங்கள். அதன் பிறகே ஸ்பேஸ் பார். நீங்கள் பாடியதும் அது ஒலிப்பதும் ஒன்றா என்று பாருங்கள்.

எழுதும்போதே ஒவ்வொரு சுரமும் ஒலிப்பதைத் தடுக்க, கம்ப்யூட்டரின் வால்யூமை மூடி விடுங்கள்.

2. ஆடாசிட்டி: ஒலியைப் பதிவு செய்து திருத்தும் இலவச சாப்ட்வேர். ஜெனரேட் மெனுவில் டோன் கிளிக் செய்து 440 என்று கொடுத்துக் கேளுங்கள். பிறகு 880. ஒரே சுரம், ஒன்று கீழே, ஒன்று மேலே. வேகமான பாட்டில் ஒரு வரி பிடிபடவில்லையா? அதைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் சேஞ்ச் டெம்போ மூலம் மெதுவாக்கலாம். வேகம் குறையும், சுருதி மாறாது.

3. மியூசிக்தியரி டாட் நெட்: இந்தத் தளத்தில் இன்டர்வல் இயர் டிரெய்னிங் என்ற பயிற்சி இருக்கிறது. எல்லா இடைவெளிகளையும் ஒரே நாளில் முயலாதீர்கள். செட்டிங்ஸில் இரண்டை மட்டும் வைத்துக் கொண்டு தினமும் பத்து நிமிடம் போதும்.

இன்னொன்றும் தெரிந்து கொள்ளுங்கள். எம்பி3 பைலில் ஒலியே இருக்கிறது. 1983 முதல் புழக்கத்தில் உள்ள மிடி முறையில் ஒலி இல்லை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற விவரம் மட்டுமே உண்டு. நடு சி-யின் எண் 60, 440 ஹெர்ட்ஸ் ஏ-யின் எண் 69. எம்பி3 சாம்பார் என்றால் மிடி சமையல் குறிப்பு. அதனால்தான் மிடி பைல் மிகச் சிறியதாக இருக்கிறது.

அம்மா சொன்னது

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தபோது நான் பாடிப் பயின்று கொண்டிருந்தேன். "என்னடா அது, சங்கராபரணம் மாதிரி இருக்கே?" என்றார். சிறு வயதில் இரண்டு வருடம் பாட்டுக் கற்றவர். ஆமாம், மேஜர் ஸ்கேலின் சுர அமைப்பு நம் 29-வது மேளகர்த்தாவான சங்கராபரணத்தின் அமைப்புதான். எங்கள் வகுப்பில் டோ எந்தச் சுருதியிலும் தொடங்கலாம், நம் ஸ வைப் போலவே. அதைக் கேட்டதும் "அப்போ ஸ-வை முதலில் மனசில் நிறுத்து, மத்ததெல்லாம் தானா வரும்" என்றார். எழுதுவதற்கு முன் டோ-வை மெல்ல முனகிக் கொள்ளும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது.

நான் விலகவில்லை. கடைசித் தேர்வில் இருபதுக்குப் பதின்மூன்று. பெரிய மதிப்பெண் இல்லைதான். ஆனால் அந்தப் பதின்மூன்றும் என் காது எடுத்தது, கம்ப்யூட்டர் எடுத்ததல்ல.

உங்கள் கம்ப்யூட்டர் நல்ல பியானோ, பொறுமையான திருத்துநர். பாடுவதை மட்டும் அதனிடம் விட்டு விடாதீர்கள். இன்றே ஐந்து சுரங்களை எழுதிப் பாடிப் பாருங்கள். ஸ்பேஸ் பார் அதன் பிறகு!